கஞ்சித் தொட்டியும் கூழ் அண்டாவும்: ஆடி மாதத்துக்கு 'உட்பொருள்' தேடுவது குறித்து

1

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எருக்கஞ்சேரிப் பக்கமிருந்து கொடுங்கையூருக்குள் நடந்து போகிறவர் எந்தத் தெருவில் திருவிழா என்று விசாரிக்க வேண்டியதில்லை. தெருவுக்கொரு பந்தல், பந்தலுக்கொரு ஒலிபெருக்கி. வேப்பிலைத் தோரணம், மஞ்சள் துணி, எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். முத்துமாரி, நாகாத்தம்மன், எல்லையம்மன், கங்கையம்மன், படவேட்டம்மன் என்று அம்மனின் பெயர் தெருவுக்குத் தெரு மாறும். அண்டா மாறாது. முந்தின நாள் கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவும் நொய்யும் விடியலில் வெந்து, அம்மனுக்குப் படைத்தாகி, உச்சிப்பொழுதுக்குள் தெருவில் ஊற்றப்பட்டுவிடும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, வெங்காயம், சில தெருக்களில் கருவாட்டுக் குழம்பு.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டை நிறுத்திவிட்டு யாரோ ஒருவரின் சொற்பொழிவைப் போட்டார்கள். ஆடி தட்சிணாயனத்தின் தொடக்கம், தேவர்களுக்கு இராப்பொழுது, சக்தி பூமிக்கு இறங்கி வரும் காலம், கூழின் குளிர்ச்சி என்பது ஆசைகள் அவிந்த மனத்தின் குளிர்ச்சி என்று போய்க்கொண்டிருந்தது. அண்டாவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றிருந்த அம்மாவிடம், "இவரு இதுக்கெல்லாம் உள்ளர்த்தம் சொல்றாரே, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். "அவரு சொல்றது அவருக்கு. நீ சொம்பு கிம்பு எடுத்தாந்தியா, இல்ல சும்மா வந்து நின்னுக்கினு இருக்கியா?" என்றார்.

வெறுங்கையோடு போனவன் அர்த்தம் கேட்கிறான், அகப்பையோடு நிற்பவர் பாத்திரம் கேட்கிறார். பண்டிகைகளின் ஆன்மிகப் பொருள் பற்றி நம்மிடையே நடக்கும் சொல்லாடல் முழுவதும் முதல் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் ஆடி மாதம் எப்படித் தெரியும் என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

2

ஆடிக்கூழுக்கு இன்று வழங்கும் விளக்கங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று புராணம். ஜமதக்னி முனிவர் இறந்ததும் ரேணுகை தீயில் விழுகிறாள். மழை தீயை அணைக்கிறது. உடலெல்லாம் கொப்புளத்தோடு வேப்பிலையை உடுத்திக்கொண்டு அவள் சேரிக்கு வர, அங்குள்ளவர்கள் மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்துப் பசியாற்றுகிறார்கள். இரண்டாவது மேலே சொன்ன வானியல்-தத்துவ விளக்கம். மூன்றாவது விஞ்ஞானம். கேழ்வரகு உடம்புச் சூட்டைத் தணிக்கும், வேப்பிலை கிருமிநாசினி, ஆகவே நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று முடியும் விளக்கம்.

ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தெரிந்தாலும் இவை மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ரோலான் பார்த் 1957இல் தொகுத்த தன் 'தொன்மங்கள்' நூலில், வரலாறாக நடந்த ஒன்றை இயற்கையாகவே அப்படி இருப்பதுபோலக் காட்டுவதுதான் தொன்மத்தின் தொழில் என்றார். ஆடிக்கூழை யார் ஊற்றுகிறார், யாருடைய தானியத்திலிருந்து, யாருக்கு, எந்த நாளில், எந்தத் தெருவில் என்கிற கேள்விகளை மூன்று விளக்கங்களும் ஓரம்கட்டிவிடுகின்றன. எஞ்சுவது ஊற்றுகிற கை இல்லாத கூழ்.

பழைய பனுவல்கள் இந்த விஷயத்தில் இவ்வளவு பேசுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்றைய சென்னைப் பரப்பைச் சேர்ந்த மிகப் பழைய விழாப் பட்டியல் மயிலையில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் இருக்கிறது. காலம் ஏழாம் நூற்றாண்டு. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்கள் வரிசையாக வருகின்றன. இறந்துபோன ஒரு பெண்ணிடம், இதையெல்லாம் பார்க்காமலா போவாய் என்று கேட்கிற அமைப்பு. எந்த விழாவுக்கும் உட்பொருள் சொல்லப்படவில்லை. காண்பது, உண்பது, கூடுவது என்பதே போதுமான காரணம். வரிசையில் முதலில் வருவதே அடியார்களுக்குச் சோறிடும் விழாதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆடி என்று பெயர் சொல்லி ஒரு விழாவும் அங்கே இல்லை. பெருங்கோயிலின் பனுவலில் இடம்பெறாத மாதம் தெருவில் இருக்கிறது. ஆடிக்கான விளக்கங்கள் பின்னாளில் வந்து குவிவதற்கு இந்த இன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம். எழுதப்படாத மாதத்தின்மேல் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள முடியும்.

அரசே எழுதியிருக்கிறது. 1802இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்த பசுவம்மைப் பால் விரைவிலேயே சென்னைக்கும் வந்தது. ஜனங்கள் குத்திக்கொள்ள முன்வரவில்லை. அம்மை என்பது நோயின் பெயர் மட்டுமல்ல, வந்திருப்பவளின் பெயரும்கூட. இந்தச் சிக்கலைத் தீர்க்க, 1810 முதல் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் ஒரு வழி கண்டார். தமிழறிந்தவர், திருக்குறளுக்கு உரை எழுதியவர். தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதாகவும், சக்தியே பசுவம்மையின் பெருமையைச் சொல்வதாகவும் ஒரு கதையை இயற்றினார். அதாவது ஊசிக்கு அம்மனின் வாயாலேயே ஒரு தத்துவ விளக்கம். மக்களின் வழிபாட்டுக்கு உள்ளர்த்தம் சொல்வது அதிகாரத்தின் ஒரு உத்தியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று நம்மூரில் கிடைப்பது கடினம்.

எதிர்த்திசையிலிருந்தும் விளக்கங்கள் வந்தன. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், அம்மனைப் பௌத்த பிக்குணியாகவும், வேம்பை அவள் தந்த மருந்தாகவும் வாசித்தார். தீபாவளி, பொங்கல் எல்லாவற்றையும் பறிக்கப்பட்ட பௌத்த நினைவுகளாக மறுவாசிப்புச் செய்தார். அவருடைய சொற்பிறப்புகளை இன்று நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. அவர் செய்த காரியம் முக்கியம். பண்டிகையின் அர்த்தம் என்பது யாரோ முடித்து வைத்துவிட்ட விஷயம் அல்ல, அது ஒரு வழக்கு, அதில் நமக்கும் வாதாட உரிமை உண்டு என்பதை அவர் நிறுவினார். பெரியார் பின்னர் அந்த வழக்கையே தள்ளுபடி செய்யச் சொன்னார். இரண்டு பேருமே அர்த்தத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். அண்டாவை இருவரும் அதிகம் பார்க்கவில்லை.

3

அண்டாவைப் பார்க்க வேண்டுமானால் முதலில் தொட்டியைப் பார்க்கவேண்டும்.

இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் ஆயா கடைசிவரை அந்தப் பெயரால் சொன்னதில்லை. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார். வடசென்னையின் வயதானவர்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியோடு கும்பினி நடத்திய யுத்தம் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைத் தரைமட்டமாக்கியது. பஞ்சம் வந்தது. நகரத்தை நோக்கி ஜனங்கள் வந்து விழுந்தார்கள். 1782இல் கறுப்பர் நகரத்து மதிலை ஒட்டி அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியசாலையையும் தொடங்கினார். 1938இல் அது கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நின்றது. அரசாங்கத்தின் ஆவணத்தில் மணியக்காரரும் ஸ்டான்லியும் இருக்கிறார்கள். ஜனங்களின் நினைவில் தொட்டி இருக்கிறது.

நூறாண்டு கழித்து வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876-78. மாண்டவர்கள் 55 லட்சம் என்பது குறைந்த கணக்குகளில் ஒன்று. 1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஏதோ சில்லறைக் காசும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், மண் வெட்டுகிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்து அளவு கூட்டப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் போனார்கள் என்பது வேறு கணக்கு. நிவாரணம் கேட்பவன் உண்மையிலேயே பசித்தவன்தானா என்று தெரிந்துகொள்ளப் பரீட்சைகள் இருந்தன. வேலை செய்யச் சம்மதிக்கிறானா? வீட்டை விட்டுப் பல மைல் தூரம் வரத் தயாரா? சம்மதித்தால் பசி உண்மை.

அந்த உண்மையான பசிகள் வெட்டிய பள்ளம் இன்றும் நம் ஊருக்குள் ஓடுகிறது. கொடுங்கையூருக்குக் கிழக்கே, கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் அருகாக எண்ணூர் நோக்கிப் போகும் பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதி 1806 வாக்கில் காக்ரேன் கால்வாயாக வெட்டி முடிந்தது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வந்தது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் தண்ணீருக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு.

அதே பஞ்சத்தில் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. டேவிட் ஆர்னால்டு 1984இல் 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' மூன்றாம் தொகுதியில் எழுதிய கட்டுரை, மழைக்கான சடங்குகளிலிருந்து தானியக் கொள்ளை வரை உழவர்களின் செயல்களை ஒரே தொடரின் கண்ணிகளாக வாசிக்கிறது. கொடும்பாவி கட்டி இழுப்பதும் வியாபாரியின் களஞ்சியத்தை உடைப்பதும் அவரவர் மனத்தில் அவ்வளவு தூரத்து விஷயங்களாக இருக்கவில்லை. ஊரில் தானியம் இருக்கும்போது ஒருவர் பட்டினி கிடப்பது ஏதோ ஒரு முறை கெட்டுப்போனதன் அடையாளம் என்பதே இரண்டுக்கும் அடியில் இருந்த நியாயம்.

4

இப்போது கூழ் ஊற்றும் முறையைப் பார்க்கலாம். ஆடிக்கு முன்பே தெருவில் வீடு வீடாகப் போய்த் தண்டல் நடக்கும். மஞ்சள் உடுத்தி, 'அம்மனுக்குக் கூழு ஊத்துறோம்' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். படி அரிசி கொடுப்பவர் படி அரிசி, ஒரு பிடி கேழ்வரகு கொடுப்பவர் ஒரு பிடி. கொடுத்த அளவை யாரும் எழுதி ஒட்டுவதில்லை, குறைந்தபட்சம் முன்பெல்லாம் ஒட்டியதில்லை. எல்லாம் ஒரே அண்டாவில் கரைந்துவிடும். கரைந்த பிறகு எது யாருடைய கேழ்வரகு என்று பிரிக்க முடியாது. பிறகு ஊற்றும்போது, நீ எந்தத் தெரு, தண்டலுக்குக் கொடுத்தாயா, பசிக்கிறதா என்று எதுவும் கேட்கப்படாது. கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான். பாத்திரம் இருக்கிறதா?

மார்சல் மாஸ் 1925இல் 'கொடை' பற்றி எழுதியபோது, பெற்றவன் திருப்பித் தர முடியாத கொடை அவனைத் தாழ்த்திவிடும் என்று காட்டினார். தர்மம் காயப்படுத்துவது அதனால்தான். கஞ்சித் தொட்டியின் முன் நிற்பவன் ஏழை என்று முத்திரை குத்தப்பட்டவன். கூழ் வாங்குபவன் அப்படி அல்ல. கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல, அம்மன். அம்மன் கொடுத்ததை வாங்குவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. காரில் வந்து இறங்குபவரும் டம்ளரை நீட்டுகிறார். ஏழையின் சாப்பாடான கேழ்வரகுக் கூழை ஏழையல்லாதவரும் அன்று குடித்தாகவேண்டும். குடிக்காவிட்டால் அம்மனுக்கு மரியாதைக் குறைவு. கொடுப்பவரை மறைக்கிற, வாங்குபவரைத் தாழ்த்தாத ஒரு ஏற்பாட்டுக்கு இங்கே தெய்வம் தேவைப்பட்டிருக்கிறது. ஆடியின் ஆன்மிகம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த ஏற்பாட்டில் இருக்கிறது, தட்சிணாயனத்தில் இல்லை என்பது என் வாதம்.

ஏன் ஆடியில் என்ற கேள்விக்கும் இங்கிருந்து விடை தேடலாம். ஆடி விதைக்கிற மாதம். கையில் இருந்த தானியம் நிலத்துக்குப் போய்விடும். அடுத்த அறுவடை வெகுதூரத்தில் இருக்கும். கல்யாணம் கிடையாது, ஆகவே கல்யாண வேலையும் விருந்தும் கிடையாது. பஞ்சாங்கம் 'ஆகாத மாதம்' என்று ஒதுக்கிய அதே மாதத்தை அம்மன் எடுத்துக்கொள்கிறாள். குதிரில் தானியம் நிறைந்திருக்கிற தையில் கூழ் ஊற்றினால் அது விருந்து. எல்லோர் வீட்டிலும் பற்றாக்குறை இருக்கிற ஆடியில் ஊற்றினால்தான் அது பங்கீடு. இதுதான் தோற்றக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. கூழை 'பஞ்சத்தின் எச்சம்' என்று சுருக்குவதும் இன்னொரு உட்பொருள் வியாபாரமாகிவிடும். கஞ்சித் தொட்டியும் கூழ் அண்டாவும் ஒரே மண்ணில், ஒரே பசிக்கு, இரண்டு எதிரெதிர் பதில்களாக நின்றிருக்கின்றன என்பதே சொல்ல வருவது.

5

ஆனால் வயலில்லாத வடசென்னைக்கு ஆடி எதற்கு? எழுபதுகளின் இறுதியில் மாநகராட்சிக்குள் சேர்க்கப்படும்வரை கொடுங்கையூர் கிராமமாகத்தான் இருந்தது. பெரம்பூரிலும் இராயபுரத்திலும் அதற்கு நூறாண்டு முன்பே காலத்தை அளந்தது ஆலைச் சங்கு. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இங்கிலாந்துத் தொழிலாளர்களின் பழைய திருநாள்களையும் வேலைக்கு வராத 'புனித திங்கட்கிழமை'களையும் ஆலைக் கடிகாரம் எப்படித் தின்றது என்று விவரித்தார். இங்கே நடந்தது முழுக்க அப்படியல்ல. இங்கே தொழிலாளி தன் தெய்வத்தைக் கூட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தான். சில சமயம் அவளை வைத்தே நேரத்தை மீட்டான்.

பம்பாய் உதாரணம் தெரிந்ததுதான். வாராந்தர விடுமுறை கேட்டுப் போராடிய நாராயண் மேகாஜி லோகாண்டே, ஞாயிறு கண்டோபாவுக்கு உரிய நாள் என்பதையும் ஒரு வாதமாக வைத்தார் என்பார்கள். 1890இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். மாதாகோயில் நாளைக் குலதெய்வத்தின் நாளாகவும் ஓய்வு நாளாகவும் மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் அது. வடசென்னையில் கூழ் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் ஊற்றப்படுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அம்மனுக்குச் செவ்வாயும் வெள்ளியும் விசேஷம். ஆடி ஞாயிறும் பழைய வழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிற தெருவில் எல்லோரும் சேர்ந்து அடுப்பு மூட்ட முடிந்த நாள் எது என்பதை அம்மனும் கவனித்தே இருப்பாள்.

பக்திக்கும் சங்கத்துக்கும் இடையிலிருந்த சுவர் அவ்வளவு உயரமாக இருக்கவில்லை. 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு விதை போட்டவர்கள் செல்வபதிச் செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் அவர்களிடம் முதலில் கூடியது ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபாவின் பக்திச் சொற்பொழிவுகளுக்காக. புராணம் கேட்க வந்த இடத்தில் குறைகளும் பேசப்பட்டன. மதிய இடைவேளை சாப்பிடக்கூடப் போதவில்லை என்பது அக்குறைகளில் முக்கியமானது. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் மேடைக்கு வந்தது அதன் பிறகு. 1923 மே 1இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது, தொழிலாளியின் நாட்காட்டியில் ஒரு புதிய பண்டிகையும் சேர்ந்தது. அதற்கு எந்த உட்பொருளும் தேவைப்படவில்லை. எட்டு மணி நேரம் என்ற வெளிப்பொருளே போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு அழகான சித்திரம் உருவாகிவிடுகிற ஆபத்து இருக்கிறது. பக்தினின் திருவிழாக் கோட்பாட்டைப் படித்துவிட்டு, எல்லா வேறுபாடுகளும் தெருவில் கரைந்துபோயின என்று எழுதிவிடலாம். 1921 அதை எழுதவிடாது. அந்த வருடம் ஜூன் 20இல் தொடங்கிய பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. ஆடி மாதம் முழுவதும் அதற்குள் அடங்கியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்புப் பகுதியில் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஆடி போய் ஆவணி பிறந்த பிறகு, ஆகஸ்ட் 29இல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். சங்கம் அந்தக் காயத்திலிருந்து எழப் பல காலமாயிற்று. ஆளுக்கொரு அண்டாவில் ஒரே கூழைக் காய்ச்சியவர்கள்தான் இரு பக்கமும் நின்றார்கள். யாருடைய தெருவுக்குத் தண்டல் போகும், எந்தத் தெருவோடு கரகம் திரும்பிவிடும், எந்த வீட்டுச் சொம்பில் சற்று மேலேயிருந்து ஊற்றப்படும் என்பவை அண்டாவுக்கு வெளியே தீர்மானிக்கப்பட்டன. கூழ் சாதியைக் கரைத்துவிடும் என்பது பொய். கரைக்க வேண்டும் என்ற கட்டளை கூழின் வடிவத்திலேயே இருக்கிறது, அதை நாம் நிறைவேற்றவில்லை என்பது உண்மை. அம்மன் கேட்காத கேள்விகளைப் பக்தர்கள் கேட்டார்கள்.

6

பெரியம்மை போய்விட்டது. இந்தியாவில் கடைசியாக அது தாக்கியது 1975இல். உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. நோய்ப் பயம்தான் மாரியம்மன் என்று சொன்ன பகுத்தறிவு விளக்கத்தின்படி அவளும் போயிருக்கவேண்டும். போகவில்லை. அதற்குப் பிறகுதான் கொடுங்கையூர், முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர் பக்கமெல்லாம் வீடுகள் பெருகின. வந்தவர்கள் வரும்போதே அம்மனையும் கொண்டுவந்து தெருமுனையில் வைத்தார்கள். ஆடியில் வண்டி கட்டிக்கொண்டு ஆரணியாற்றங்கரைப் பெரியபாளையத்துக்குப் போய், அங்கேயே பொங்கிச் சாப்பிட்டு, வேப்பஞ்சேலை நேர்த்திக்கடன் முடித்துத் திரும்புகிற வழக்கம் வேன்களிலும் ஆட்டோக்களிலும் தொடர்கிறது. அவள் நோய்க்கு மட்டும் தெய்வமாக இருந்ததில்லை.

கொடுங்கையூரின் இன்னொரு அடையாளம் சுமார் 350 ஏக்கர் குப்பைமேடு. நகரத்தின் வடபாதி கழித்துப்போட்டதெல்லாம் பல பத்தாண்டுகளாக வந்து சேரும் இடம். பழையதை எரிப்பதற்கு ஒரு நாள் போகி என்பார்கள். இங்கே அது தீப்பிடித்த எந்த நாளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்கு இங்கே வேறு அர்த்தம். காலையில் மேல்காற்று புகையைக் கொருக்குப்பேட்டைப் பக்கம் தள்ளும், பிற்பகலில் கடற்காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கையூரிலேயே விடும். வேப்பிலைத் தோரணத்தின் கீழ் கண் எரிச்சலோடு நிற்கிற ஜனங்களுக்கு ஆடி மனத்தைத் தூய்மைப்படுத்தும் மாதம் என்று ஒலிபெருக்கி சொல்லும்போது, தூய்மை யாருடையது, அதன் கழிவு யாருடைய தெருவில் கொட்டப்படுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. உட்பொருள் பேச்சுக்குச் செவிப்புலன் மட்டும்தான் உண்டு, மூக்கு கிடையாது.

அண்டாவும் மாறிக்கொண்டிருக்கிறது. தண்டல் குறைந்து 'உபயம்' வந்துவிட்டது. உபயதாரரின் முகம் அம்மனைவிடப் பெரிதாகப் பதாகையில் இருக்கிறது. மாஸ் சொன்ன காயம் இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்புகிறது, வாங்குபவர் இப்போது இன்னாருக்குக் கடன்பட்டவர். துணிக்கடைகளோ பற்றாக்குறை மாதத்தைத் தள்ளுபடி மாதமாக எப்போதோ மாற்றிவிட்டன. இன்னொரு பக்கம் சைவமாக்கல் நடக்கிறது. இரவில் சோற்றைக் குவித்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் போடும் கும்பம் பல தெருக்களில் சுருங்கிக்கொண்டு வருகிறது. கிடா வெட்டு என்பது 'அகந்தையை வெட்டுதல்' என்று விளக்கப்படுகிறது. அகந்தையை வெட்டினால் குழம்பு வைக்க முடியாது என்பது பெண்களுக்குத் தெரியும். 2003இல் 1950ஆம் வருடத்து உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து நடைமுறைப்படுத்தப் பார்த்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. தத்துவ விளக்கமும் தடைச் சட்டமும் ஒரே சாலையின் இரண்டு ஓரங்கள் என்பதை அந்த ஒரு வருடம் காட்டிக்கொடுத்தது.

2020 வந்தது. மே, ஜூன் மாதங்களில் சென்னையின் தொற்றுக் கணக்கில் இராயபுரம் மண்டலம் முன்னணியில் இருந்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகள் தளர்வில்லாத முழு ஊரடங்கு. ஆடியின் ஞாயிறுகள் அத்தனையும் அதற்குள் போயின. நான் பார்த்த தெருக்களில் பந்தல் இல்லை, மைக்செட் இல்லை. சில வீடுகளில் சின்னக் குண்டானில் கூழ் காய்ச்சி, வாசலில் வேப்பிலை செருகி, உள்ளேயே படைத்தார்கள். அண்டா ஒன்று கோயில் சுவரோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நோய்க் காலத்துத் தெய்வத்துக்கு நோயால் கூழ் நின்றது என்று எழுத்தாளன் மனம் உடனே ஒரு முரணைக் கண்டுபிடித்துக் குதூகலித்தது. தெருக்காரர்களின் கவலை வேறு. வேலை நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆடியில்தான் ஒருவருக்கொருவர் ஊற்றியாக வேண்டியிருந்தது, அந்த ஆடியில்தான் ஊற்ற முடியவில்லை. ரேஷன் கடையில் அரிசி கிடைத்தது, உண்மை. அட்டையைக் காட்டி, கோட்டுக்குள் நின்று, பெயர் சரிபார்த்து வாங்கவேண்டிய அரிசி. வெளிமாநிலத்திலிருந்து வந்து அட்டை இல்லாமல் தங்கியிருந்தவர்கள் அந்த வரிசையின் ஓரத்தில் நின்றதைப் பார்த்தபோது டெம்பிளின் பரீட்சைகள் ஞாபகம் வந்தன.

அரசின் அரிசி வேண்டாம் என்றோ, அம்மனின் கூழ் போதும் என்றோ நான் சொல்லவில்லை. வருடம் முழுக்கப் பசிக்கும் வயிற்றுக்கு ஆடியின் நாலைந்து ஞாயிறுகள் எந்த மூலைக்கு? ரேஷன் கடை ஜனங்கள் போராடிப் பெற்ற உரிமை, அதை விட்டுத்தர முடியாது. ஆனால் உரிமை என்று நாம் பெற்ற ஒவ்வொன்றிலும் தொட்டியின் பழக்கம், அதாவது நீ யார், நிரூபி என்கிற பழக்கம், ஒட்டிக்கொண்டே வருகிறது. அதற்கு எதிரான ஒரு பழக்கத்தை, நிரூபணம் கேட்காத ஒரு பங்கீட்டை, வருடத்தில் ஒரு மாதமாவது இந்தத் தெருக்கள் கைவிடாமல் வைத்திருக்கின்றன. அதுவும் சாதிக்கறையோடும், உபயதாரர் பதாகையோடும்தான். கறையைப் பேசாமல் கூழைக் கொண்டாடுவது மோசடி. கூழைப் பார்க்காமல் கறையை மட்டும் பேசுவது நம் விமர்சனத்தின் சோம்பல்.

2022 ஆடியில் அந்தத் தெருவில் அண்டா மறுபடி அடுப்பேறியது. சொற்பொழிவும் ஓடியது, வேறொரு குரல், அதே தேவர்களின் இராப்பொழுது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரிய மொழி பேசுகிற இரண்டு இளைஞர்கள் தண்ணீர்ப் பாட்டிலைப் பாதியாக வெட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அகப்பைக்காரம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தார். "இதுல ஊத்துனா கை பொத்துடும்பா" என்று சொல்லிவிட்டு, பந்தலுக்குள் திரும்பி, "ஏய், ரெண்டு டம்ளர் எடுத்தாடி" என்று குரல் கொடுத்தார். நான் இந்த முறை தூக்கு கொண்டுபோயிருந்தேன்.